வான்கோழிக்கு ஆஃப் சீசன்

1

போன கோடை விடுமுறையில் லாத்தா போன் செய்தபோது நஸ்ரின் வீட்டில் இல்லை. லாத்தா என் ஒரே அக்கா. தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் நாங்கள் பிறந்து வளர்ந்த அதே சந்தில்தான் இன்னும் இருக்கிறாள். ஒற்றை அறையாக இருந்த வீடு இப்போது மேலே இரண்டு மாடி ஏறிவிட்டது, சந்து மட்டும் அதே அகலம். நஸ்ரின் என் மகள். பதினாறு வயது. அமெரிக்காவின் இந்த மலையோரச் சிற்றூரில் பிறந்தவள்.

"நஸ்ரின் எங்க தம்பி? பிள்ள சத்தத்தையே காணோம்."

"அவ டர்க்கி படம் புடிக்கப் போயிருக்கா லாத்தா."

பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"டர்க்கிக்கா? யாரு கூட? பாஸ்போர்ட்டையும் கைல குடுத்தா அனுப்புன?"

அவள் மேல் தப்பில்லை. லாத்தா வீட்டில் சாயங்காலமானால் இந்தி பேசும் துருக்கி சீரியல்தான். அந்த நாட்டு மாமியார்களையும் மாப்பிள்ளைகளையும் சொந்தக்காரர்களைப் போலப் பெயர் சொல்லிப் பேசுவாள். நான் 'வான்கோழி' என்று சொல்லியிருக்க வேண்டும். இங்கே இத்தனை வருஷம் இருந்ததில் சில தமிழ்ச் சொற்கள் நாக்கு நுனிக்கு வருவதற்குள் இங்கிலீஷ் முந்திக்கொள்கிறது. நான் சொல்லி விளக்குவதற்குள் அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே மாடிப்படியில் நின்று யாரிடமோ சொல்லிவிட்டாள். எங்கள் சந்தில் ஒரு செய்தி முக்குக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க தாராவியிலிருந்தும் சுனாபட்டியிலிருந்தும் போன். நஸ்ரின் நடிக்கவா போயிருக்கிறாள், கேமரா வேலைக்கா என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள்.

விஷயம் தெளிந்த பிறகு லாத்தாவின் கவலை இன்னும் கூடியது.

"காட்டுக்கா? பொம்பளப் பிள்ள, கோழியப் படம் புடிக்கக் காட்டுக்குள்ள போயிருக்கா? பாகல் ஆயிட்டியா நீ, புத்தி கெட்டுப்போச்சா? அங்க எல்லாவனும் துப்பாக்கி வச்சிருப்பான்னு நீதானல சொன்ன?"

"டென்ஷன் ஆவாத லாத்தா. இது ஆஃப் சீசன்."

அந்தச் சொல்லை அவ்வளவு நிம்மதியாகச் சொன்னேன். அந்த நிம்மதி அக்டோபர் வரைக்கும்தான்.

2

எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இங்கே மான் வேட்டை தொடங்கும் நாளில் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுகிறார்கள். வந்த புதிதில் அதை யாரோ கிண்டலுக்குச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். நவம்பர் வந்துவிட்டால், மானுக்காகக் காத்திருக்க மரத்தில் கட்டிய பலகையிலிருந்து விழுந்து விலா எலும்பை உடைத்துக்கொண்டவர்கள் வருவார்கள். "மூச்சை இழுத்து அப்படியே நிறுத்துங்கள்" என்று சொல்லிக்கொண்டே, இவர்கள் வீட்டில் எத்தனை துப்பாக்கி இருக்கும் என்று யோசிப்பேன். அவர்கள் என்னிடம் அன்பாகத்தான் பேசுவார்கள். ஆனாலும் யோசிப்பேன்.

என் பெயரே இங்கே ஒரு பஞ்சாயத்து. பாஸ்போர்ட்டில் ஒரே சொல்லாக 'மீரான்மைதீன்' என்று இருந்தது. முதல் பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று கேட்டார்கள். இரண்டும் அதுதான் என்றேன். கம்ப்யூட்டர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. முதல் பெயர் தெரியாதவர்களுக்குப் போடும் மூன்று எழுத்து இருக்கிறது: எஃப், என், யு. அதை முன்னால் சேர்த்து எனக்கு டிரைவிங் லைசென்ஸ் கொடுத்துவிட்டார்கள். பெயர் தெரியாத மீரான்மைதீன். ஆஸ்பத்திரியில் ஒருவர் முதல் வாரம் முழுக்க என்னை 'ஃப்னூ' என்றே கூப்பிட்டார். நானும் திரும்பிப் பார்த்தேன். குடியுரிமை வாங்கும்போதுதான் மீரான் வேறு மைதீன் வேறு என்று வெட்டிச் சரிசெய்தேன். நிஜத்தைச் சொன்னால், சரிசெய்யாமலே இருந்திருக்கலாம் என்றுகூடச் சில நாள் தோன்றியிருக்கிறது. பெயர் தெரியாதவனாக இருப்பதிலும் ஒரு பாதுகாப்பு உண்டு.

எதிர்வீட்டில் நோரா. என் வயதுதான் இருக்கும். பள்ளி பஸ் ஓட்டுகிறாள். வசந்த காலத்தில் வான்கோழி வேட்டைக்குப் போவாள். சீசன் முடிந்ததும் துப்பாக்கியைப் பூட்டி வைத்துவிட்டு, அதே காட்டில், அதே மறைப்புக் கூடாரத்தில், கேமராவோடு உட்கார்ந்துவிடுவாள். "பறவை எங்கே தூங்கி எழுகிறது, எந்த வழியாக வருகிறது என்பதெல்லாம் வருஷம் பூராவும் பார்த்தால்தான் தெரியும். துப்பாக்கிக்குத்தான் லீவு, எனக்கு இல்லை" என்பாள். நஸ்ரின் குழந்தையிலிருந்து அவள் பஸ்ஸில் போனவள். போன வருஷம் ஒருநாள் நோராவோடு தானும் வேட்டைக்குப் போகட்டுமா என்று என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்வதற்கு முன்பே அவள் தன் வாதத்தைத் தயாராக வைத்திருந்தாள்.

"வாப்பா, டிரிகர் அழுத்துறப்போ பிஸ்மில்லா சொன்னா அது ஹலால்தானே? நான் படிச்சுப் பார்த்துட்டேன்."

என் மனைவி சபீனா சிரித்துவிட்டாள். "இவ ஓதுன லட்சணத்துல இது மட்டும் கரெக்டா ஞாபகம் இருக்கு பாருங்க" என்றாள். சபீனா சுனாபட்டிக்காரி. எதற்கும் சட்டென்று சிரித்துவிடுவாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீரான் மைதீன் மகள், தலையில் துண்டு கட்டியவள், கையில் துப்பாக்கியோடு அமெரிக்கக் காட்டுக்குள் நடந்து போகிறாள். இந்தக் காட்சியைப் பார்த்து யாரோ ஒருவர் போலீசுக்குப் போன் செய்வது வரை என் மனசுக்குள் முழுப்படமும் ஓடி முடிந்துவிட்டது. அந்தத் துண்டையும் அவள் போன வருஷம்தான், யாரும் சொல்லாமல், தானாகக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். சபீனாவே இங்கே கட்டுவதில்லை. வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, சந்தோஷப்படவும் முடியவில்லை.

கடைசியில் துப்பாக்கி கிடையாது, கேமரா மட்டும், அதுவும் ஆஃப் சீசனில் மட்டும் என்று முடிவானது. முதல் நாள் அவளைக் கூட்டிப்போக வந்த நோரா, வாசலில் நின்றபடியே நஸ்ரினின் தலையைப் பார்த்தாள். அன்றைக்கு வெள்ளைத் துண்டு.

"அது வேண்டாம், செல்லம். கழற்றிவிட்டு வா."

இத்தனை வருஷம் எதிர்பார்த்துப் பயந்த வார்த்தை, இவள் வாயிலிருந்தா வர வேண்டும்? ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பச்சை இருந்தால் கட்டிக்கொள். பழுப்பும் சரி. வெள்ளை, சிவப்பு, நீலம் மூன்றும் கூடாது" என்றாள் நோரா. என் பக்கம் திரும்பி விளக்கினாள். ஆண் வான்கோழியின் தலை அந்த மூன்று நிறம்தான். மரங்களுக்கு நடுவில் அந்த நிறம் அசைந்தால் வேட்டைக்காரன் கண் அங்கேதான் போகும். சீசன் இல்லாவிட்டாலும் பழக்கம் பழக்கம்தான். இன்னும் இரண்டு விதிகளும் உண்டு என்றாள். காட்டில் பறவை மாதிரிச் சத்தம் கொடுக்கக் கூடாது. யாராவது இருப்பதாகத் தோன்றினால் கையை ஆட்டக் கூடாது, நின்ற இடத்தில் நின்று மனுஷக் குரலில் உரக்கப் பேச வேண்டும்.

நஸ்ரின் பச்சைத் துண்டு கட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அவள் புறப்படும்போதெல்லாம் தலையில் என்ன நிறம் என்று பார்ப்பது என் வேலையாகிவிட்டது.

ஆஃப் சீசன் என்றால் நமக்கு என்ன? மழைக்காலத்து மாத்தேரான் மாதிரி ஒரு மலைவாசஸ்தலம். ஹோட்டலில் பாதி வாடகை, கடை எல்லாம் மூடிக் கிடக்கும், ஈ காக்கை இருக்காது. வான்கோழிக்கு ஆஃப் சீசன் என்றால் காட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

3

இதற்கும் லேபர் கேம்ப்புக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது.

இந்து-முஸ்லிம் கலவரம் நடந்த அந்தக் குளிர்காலத்தில் எனக்குப் பதினோரு வயது. இதைப் படிக்கும் லேபர் கேம்ப்புக்காரர்கள் பலர் அதைப் பார்த்தவர்கள், நான் விவரிக்கப் போவதில்லை. ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்துவார்கள். பால் வாங்க, தண்ணீர் பிடிக்க ஓடுவோம். அந்த நேரத்தில் பிள்ளைகள் சந்தை விட்டு வெளியே போய்விட்டால் திருப்பிக் கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? பெயர் சொல்லிக் கத்தினால் சந்து முக்கில் நிற்பவனுக்கு அது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். எந்தப் பெயராக இருந்தாலும் யாராவது ஒருவனுக்கு அது ஆகாத பெயர்.

உம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். வாசலில் நின்று, கோழிக்குத் தீனி போடுவது போலக் கையை வைத்துக்கொண்டு, "பா... பா... பா..." என்று கூப்பிடுவாள். உம்மா பிறந்த ஊர்ப்பக்கம் கோழியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்களிடம் இரண்டு கோழி இருந்ததும் உண்மைதான். கேட்பவனுக்குக் கோழியைக் கூப்பிடும் சத்தம். எனக்கும் லாத்தாவுக்கும் மட்டும் அது எங்கள் பெயர். விளையாட்டாகத்தான் சொல்லிக் கொடுத்தாள். ஆனால் ஒருநாள் நான் ரயில்வே லைன் பக்கம் போய்விட்டேன். அங்கிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டபோது அது நடுங்கியது. அன்றைக்கு உம்மா பயந்திருக்கிறாள் என்று புரிந்தது. பெரியவர்களும் பயப்படுவார்கள் என்று எனக்கு முதலில் தெரிந்தது அன்றுதான்.

பக்கத்து வீட்டு நாடார் அம்மாளும் சில நாளில் தன் பையனை அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள். அவன் ஒருபக்கம் ஓட, நான் ஒருபக்கம் ஓட, கோழிகளும் ஓடிவரும். அந்தப் பயத்திலும் எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது.

கலவரம் ஓய்ந்தது. அந்தச் சத்தம் ஓயவில்லை. நான் வேலைக்கு வாஷிக்குப் போய்வந்த காலத்திலும், ராத்திரி சந்துக்குள் நுழையும்போது உம்மா மாடியிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவாள். உம்மா மௌத்தான பிறகு இங்கே வந்துவிட்டேன். நஸ்ரின் தவழ்ந்த வயதில் அவளைக் கூப்பிட என் வாயில் தானாக வந்ததும் அதுதான். கடையில் அவள் கை நழுவி ஓடினால் நான் பெயர் சொல்லிக் கத்த மாட்டேன். பா பா பா என்பேன். சுற்றியிருப்பவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் ஓடி வந்துவிடுவாள்.

4

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. சபீனா வேலைக்குப் போயிருந்தாள். நோரா பள்ளிக் கால்பந்துக் குழுவை ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தாள். நஸ்ரின் விடிவதற்கு முன்பே எழுந்து, நோராவின் கூடாரத்துக்குத் தனியாகப் போனாள். எங்கள் வீட்டுப் பின்புறம் புல்வெளி, அதைத் தாண்டினால் காடு, காட்டின் ஓரத்தில்தான் கூடாரம். தலையில் பச்சை. பார்த்துத்தான் அனுப்பினேன்.

சுபுஹு தொழுதுவிட்டு, தொழுத உடையிலேயே டீ போட்டுக்கொண்டிருந்தேன். காட்டுக்குள்ளிருந்து ஒரு வெடிச்சத்தம் வந்தது.

கார் டயராக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காட்டுக்குள் கார் ஏது? நஸ்ரினுக்குப் போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது. பறவை கலைந்துவிடும் என்று சத்தத்தை நிறுத்தி வைத்திருப்பாள், எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்ப அடித்தேன். இரண்டாவது வெடி. அடுப்பை அணைத்தேனா என்றுகூடத் தெரியவில்லை, பின்கதவு வழியாக ஓடிவிட்டேன்.

புல்லெல்லாம் பனி. செருப்பு வழுக்கியது. காட்டுக்குள் நுழைந்தால் எல்லா மரமும் ஒரே மாதிரி இருந்தது, மூடுபனியில் கூடாரம் எங்கே என்று தெரியவில்லை. கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. துப்பாக்கி வைத்திருக்கும் யாரோ ஒருவன் இந்த மரங்களுக்குப் பின்னால் இருக்கிறான், அவன் காதில் 'நஸ்ரின்' என்ற பெயர் விழக் கூடாது என்றுதான் எனக்குப் பட்டது. நான் யோசித்து எடுத்த முடிவு அல்ல அது. தொண்டை தானாக முடிவெடுத்தது.

"பா... பா... பா..."

மரம் மரமாக ஓடிக்கொண்டே கூப்பிட்டேன். நின்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி ஓடினேன். என் குரலும் நடுங்கியது எனக்கே கேட்டது.

"வாப்பா, நில்லுங்க."

நஸ்ரினின் குரல். இடதுபக்கம் எங்கிருந்தோ வந்தது. உயிர் திரும்பியது. அந்தப் பக்கம் ஓடப்போனேன்.

"அசையாதீங்க வாப்பா. அங்கயே நில்லுங்க. பேசுங்க. லவுடா பேசுங்க."

அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அழுகைக்கு முந்தைய குரல். என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவள் திரும்பவும் கத்தினாள்: "எதாவது பேசுங்க, நிறுத்தாதீங்க, ப்ளீஸ்."

"நான் மீரான்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. பிறகு கொஞ்சம் உரக்க, "மீரான் மைதீன்" என்றேன். கடையிலும் ரயிலிலும் எப்போதும் தணிந்தே பேசிப் பழகிய தமிழில், அந்த அமெரிக்கக் காட்டுக்குள் கத்தினேன். "நான் மீரான் மைதீன். லேபர் கேம்ப், குழாய்க்குப் பக்கத்துச் சந்து. இது என் மகள், நஸ்ரின். நஸ்ரின் மீரான். நாங்க இங்கதான் இருக்கோம். எதிர்வீடு நோரா வீடு. நான் எக்ஸ்ரே எடுக்கிறவன்." அர்த்தமில்லாமல் இதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். யாருக்குப் புரியும் என்று சொன்னேனோ தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"கேட்கிறது, சார். துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டேன்" என்று வலதுபக்கத்திலிருந்து ஒரு குரல் இங்கிலீஷில் வந்தது.

மரத்தடியிலிருந்து ஒரு மனிதர் எழுந்தார். ஆரஞ்சுத் தொப்பி. காலடியில் இரண்டு அணில். அணில் வேட்டைக்கு இது சீசன் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். நோராவுக்குத் தெரியும். நஸ்ரினுக்கும் தெரியும். அதனால்தான் கூடாரத்தின் உச்சியில் ஆரஞ்சுத் துணி கட்டியிருந்தாள், அவரிடம் முன்பே போய்ச் சொல்லிவிட்டும் வந்திருந்தாள். தெரியாதவன் நான் ஒருவன்தான்.

அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. என்னைவிட அவர்தான் பயந்துபோயிருந்தார்.

"வான்கோழி கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அசைவும் தெரிந்தது. இது அதன் சீசன் இல்லையே என்று விட்டுவிட்டேன்" என்றார். "இது மட்டும் வசந்த காலமாக இருந்திருந்தால்..." அதற்கு மேல் சொல்லாமல் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் குனிந்து என்னைப் பார்த்தேன். தலையில் தொழுகைத் தொப்பி, வெள்ளை. மேலே சபீனா வாங்கித்தந்த சிவப்பு ஸ்வெட்டர். இடுப்பில் நீலக் கட்டம் போட்ட கைலி.

நஸ்ரின் ஓடி வந்து என் தொப்பியைப் பிடுங்கித் தன் பைக்குள் திணித்தாள். தன் பச்சைத் துண்டை அவிழ்த்து என் தலையில் போட்டாள். பிறகுதான் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவளுக்காகப் பயந்து ஓடி வந்தவன். அவள் எனக்காக நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"போதும் வாப்பா" என்றாள். நான் இன்னும் லேபர் கேம்ப், குழாய்க்குப் பக்கத்துச் சந்து என்று முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

5

அன்று அவள் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. ஏழெட்டு வான்கோழிகள், எல்லாம் கழுத்தை நீட்டி ஒரே பக்கம் பார்க்கின்றன. அவை பார்க்கும் இடத்தில், பனிக்குள், மரங்களுக்கு நடுவே சிவப்பும் வெள்ளையும் நீலமுமாகக் கலங்கலாக ஓர் உருவம். நான்தான். நோரா அன்று ராத்திரி வந்து அந்தப் படத்தைப் பார்த்தாள். மறுநாள் காலையில் ஒரு ஆரஞ்சுத் தொப்பியைக் கொண்டுவந்து எங்கள் பின்கதவில் மாட்டிவிட்டுப் போனாள்.

அந்தக் காலையில்தான் லாத்தாவுக்குப் போன் செய்தேன். அங்கே சாயங்காலம். சீரியல் நேரம். நடந்ததையெல்லாம் சொன்னேன். கைலியைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டிவியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"பேரச் சொல்லியா சத்தம் போட்ட?"

"ஆமா லாத்தா."

"நம்ம பேரயா? முழுசாவா?"

"முழுசாத்தான். நஸ்ரின் பேரும் சேத்து."

லாத்தாவுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. சந்தில் பாதிப் பேருக்குப் பெயர் வைத்தவளே அவள்தான்.

"யாரும் ஒண்ணும் செய்யலியே தம்பி?"

"இல்ல லாத்தா. அந்தாளு துப்பாக்கியக் கீழ வச்சிட்டாரு."

"பேரக் கேட்டுமா?"

"பேரக் கேட்டுத்தான்."

"நல்லாருக்கட்டும்" என்றாள். பிறகு, "ஆனா எப்பமும் அப்படிச் செய்யாத" என்றாள். நான் சரி என்றேன்.

இருட்டிக்கொண்டு வருகிறது, பேரன் கீழே விளையாடிக்கொண்டிருக்கிறான், கூப்பிட வேண்டும் என்றாள். போனை வைக்க மறந்துவிட்டு எழுந்து போனாள். கதவு திறக்கும் சத்தம், சந்தில் ஸ்கூட்டர் ஹாரன், யாரோ இந்தியில் திட்டுவது எல்லாம் கேட்டது. பேரனுக்கு எங்கள் உம்மாவைப் பெற்ற வாப்பாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், அழகான நீளமான பெயர். அவள் அதைச் சொல்லிக் கூப்பிடுவாளா என்று போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தேன்.

"பா... பா... பா..." என்றாள் லாத்தா.